புரோட்டீன் ஸ்கிம்மரில் முதலில் பார்க்க வேண்டியது நீர்மட்டம்

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் சந்தித்துக்கொண்டால் அதிகம் புலம்புவது, நீரை நுரைக்கவைத்துக் கழிவைக் கிண்ணத்தில் சேர்க்கும் கருவியான புரோட்டீன் ஸ்கிம்மரைப் பற்றித்தான். ஒருவருடைய ஸ்கிம்மர் நுரையே தள்ளுவதில்லை. இன்னொருவருடையது இரவோடிரவாகக் கிண்ணத்தை நிரப்பி வழியவிட்டிருக்கிறது. வேறொருவருடையது நேற்றுவரை ஒழுங்காக ஓடிவிட்டு இன்று காரணம் தெரியாமல் படுத்துவிட்டது. எல்லோரும் செய்வது ஒன்றே: வெளியேற்றுக் குழாயின் திருகைப் பிடித்து இப்படியும் அப்படியுமாகத் திருப்புவது. நான் பார்த்தவரையில் இந்தப் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கும் திருகுக்கும் தொடர்பே இருப்பதில்லை. தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டியான சம்ப்பில் ஸ்கிம்மர் நிற்கும் அறையின் நீர்மட்டம் மாறியிருக்கும், அல்லது காற்று உள்ளே போகும் வழி அடைபட்டிருக்கும், அல்லது நுரையைக் கெடுக்கும் ஏதோ ஒன்று நீரில் கலந்திருக்கும். இந்த மூன்றையும் பார்த்த பிறகே திருகின் பக்கம் போக வேண்டும்.

என்னுடையது நான்கடி நீளமுள்ள தொட்டி. பாறைகளும் மணலும் அடைத்துக்கொண்ட இடம் போக, சம்ப்பையும் சேர்த்து ஏறக்குறைய 250 லிட்டர் நீர் இருக்கிறது. இதில் மீன்கள் மட்டுமே உண்டு. கடினப் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2001 முதல் நம் நாட்டில் பாதுகாக்கப்பட்டவை என்பதால் அந்த ஆசைக்கு இடமில்லை. கோமாளி மீன்களை அடைப்பில் இனப்பெருக்கம் செய்யும் முறையை மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வெற்றிகரமாகச் செய்துகாட்டிவிட்டதால், கடலிலிருந்து பிடிக்காத மீனை வளர்ப்பதற்கு வழி இருக்கிறது. மீன் மட்டும் உள்ள தொட்டிக்கு ஸ்கிம்மர் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. உண்மையில் மீன் மட்டும் உள்ள தொட்டியில்தான் தீவனம் அதிகம் விழுகிறது, கழிவும் அதிகம் சேர்கிறது.

ஸ்கிம்மர் செய்யும் வேலையை நம் கடற்கரையிலேயே பார்க்கலாம். 2019ஆம் ஆண்டின் இறுதியில், மழைக்குப் பிறகு, மெரினாவிலும் பட்டினப்பாக்கத்திலும் கரை நெடுக வெண்ணுரை குவிந்து கிடந்த படங்கள் செய்திகளில் வந்தது பலருக்கு நினைவிருக்கும். ஆற்றுநீரோடு வந்து சேர்ந்த சாக்கடைக் கழிவும் சோப்புப் பொருள்களும் அலையடிப்பில் காற்றோடு கலந்து நுரைத்ததன் விளைவு அது. புரதம், கொழுப்பு அமிலம், சோப்பு போன்றவற்றின் மூலக்கூறுகளுக்கு ஒரு முனை நீரை நாடும், மறுமுனை நீரை விலக்கும். நீரை விலக்கும் முனை எங்கே காற்று கிடைக்கும் என்று தேடிப்போய்க் குமிழியின் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். குமிழி மேலே வரும்போது அதுவும் கூடவே வருகிறது. ஸ்கிம்மரின் பம்ப்பில் உள்ள ஊசிச் சக்கரம் காற்றையும் நீரையும் சேர்த்து அடித்து லட்சக்கணக்கான நுண்குமிழிகளை உருளைக்குள் அனுப்புகிறது. அவை மேலேறி, உருளையின் குறுகிய மேற்பகுதியான கழுத்தில் நுரையாகத் திரண்டு, நீர் வடிந்து, கெட்டிப்பட்டு, கிண்ணத்துக்குள் சரிகின்றன.

இதில் உப்புக்கும் பங்கு உண்டு. நல்ல தண்ணீரில் இரண்டு குமிழிகள் முட்டிக்கொண்டால் ஒன்றாகச் சேர்ந்து பெரிதாகிவிடும். கடல்நீரின் அளவுக்கு உப்பு கரைந்திருந்தால் அவை எளிதில் சேர்வதில்லை, சிறியனவாகவே நீடிக்கின்றன. குமிழி சிறியதாக இருக்க இருக்க, அதே அளவு காற்றுக்கு மொத்தப் பரப்பு கூடும், மேலேறும் வேகம் குறையும், கழிவு ஒட்டிக்கொள்ள நேரமும் கிடைக்கும். ஆகவே புதிதாக வாங்கிய ஸ்கிம்மரைக் குழாய்த் தண்ணீர் நிரப்பிய வாளியில் ஓடவிட்டுப் பார்த்து, குமிழிகள் பெரிது பெரிதாக வருகின்றனவே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் பயனில்லை. வாளியில் சோதிக்க வேண்டுமென்றால் லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் கடலுப்புக் கலவையைக் கரைத்துக்கொண்டு சோதிக்கலாம்.

இனி நீர்மட்டம். சம்ப்பில் வைக்கும் ஸ்கிம்மர் ஒவ்வொன்றுக்கும் எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர் குறித்திருப்பார். பெரும்பாலும் அது 15க்கும் 25க்கும் இடையில் இருக்கும். சம்ப்பின் நீர் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தால் உருளைக்குள்ளும் நீர் உயர்கிறது. கழுத்தின் அடியில் நிற்க வேண்டிய நீர் கழுத்துக்குள் ஏறிவிடுகிறது. ஆழம் மிகவும் கூடிவிட்டால் பம்ப் காற்றை இழுப்பதும் கடினமாகிறது. ஆழம் குறைந்தாலோ நுரை கழுத்தை எட்டவே எட்டாது. வெளியேற்றுக் குழாயின் திருகால் ஓரளவுக்கு இதை ஈடுகட்டலாம் என்றாலும், நீர்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் திருகுபவர் அதன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இங்கே கடைகளில் செய்து தரும் சம்ப்புகளில் பலவற்றில் ஸ்கிம்மரும், நீரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப்பும் ஒரே அறையில் நிற்கின்றன. எல்லாச் சிக்கலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. மின்விசிறி வைத்துக் குளிர்விக்கும் தொட்டியில் சித்திரை வெயிலின்போது நாளொன்றுக்கு நான்கைந்து லிட்டர் நீர் ஆவியாவது சாதாரணம். அந்தக் குறைவு முழுவதும் ரிட்டர்ன் பம்ப் நிற்கும் அறையில்தான் தெரியும். அந்த அறை 60 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உள்ளது என்று வைத்துக்கொண்டால், 4 லிட்டர் குறையும்போது நீர்மட்டம் ஏறக்குறைய 1.7 செ.மீ. இறங்கும். காலையில் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றியதும் அது மறுபடி 1.7 செ.மீ. ஏறும். காலையில் பொங்கி வழிவதும் மாலையில் நுரையில்லாமல் ஓய்ந்துகிடப்பதும் ஏன் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஸ்கிம்மருக்குத் தனி அறை ஒதுக்கி, அதற்கும் ரிட்டர்ன் அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பை ஒட்டிவிட்டால், நீர் அந்தத் தடுப்பின் விளிம்பைத் தாண்டித்தான் அடுத்த அறைக்குப் போக முடியும். ஸ்கிம்மர் அறையின் மட்டம் அந்த விளிம்போடு நிலைத்துவிடும், ஏற்ற இறக்கம் எல்லாம் ரிட்டர்ன் அறைக்குள் அடங்கிவிடும். தடுப்பு ஒட்ட வழியில்லாதவர்கள் மிதவைச் சுவிட்சோடு கூடிய தானியங்கி நீர்நிரப்பியைப் பொருத்தலாம். தடுப்பின் விளிம்பு ஸ்கிம்மருக்குத் தேவையானதைவிட உயரமாக அமைந்துவிட்டால், பி.வி.சி. குழாயைச் சம உயரத் துண்டுகளாக அறுத்து, அவற்றின்மேல் அக்ரிலிக் பலகை ஒன்றை வைத்து, ஸ்கிம்மரை அதன்மேல் நிறுத்தலாம். பலகை சாயாமல் இருக்க வேண்டும். உருளை சாய்ந்து நின்றால் நுரை ஒரு பக்கமாகவே ஏறும்.

சம்ப்பின் கண்ணாடியில் அழியாத மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைப்பது மிகவும் உதவும். ஸ்கிம்மர் சரியாக ஓடும் நாளின் நீர்மட்டம் அந்தக் கோடு. ஏதாவது மாறினால் முதலில் கண் போக வேண்டியது அங்கேதான். ரிட்டர்ன் பம்ப்பின் வேகத்தைக் கூட்டினால்கூடத் தடுப்பைத் தாண்டும் நீரின் கனம் கூடி, கோட்டுக்குச் சற்று மேலே நீர் நிற்கும்.

புது ஸ்கிம்மர் முதல் சில நாட்களுக்கு ஒழுங்காக நடந்துகொள்ளாது. அக்ரிலிக்கை அறுத்து ஒட்டும்போது படிந்த எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும். உட்புறச் சுவர்களில் நுண்ணுயிர்ப் படலம் மெல்லியதாகப் படர வேண்டும். சிலவற்றில் இது இரண்டு மூன்று நாட்களில் முடியும், சிலவற்றில் இரண்டு வாரம்கூட ஆகும். வாங்கியவுடன் வினிகர் கலந்த தண்ணீரில் ஓடவிட்டு அலசினால் சற்று விரைவுபடும். இந்தக் காலத்தில் உருளைக்குள் நீர்மட்டத்தைத் தாழ்வாக வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

பழகிய ஸ்கிம்மரைச் சரிசெய்யும்போது காற்றுக் குழாயின் வால்வை முழுவதும் திறந்துவைத்துவிட்டு, வெளியேற்றுக் குழாயை மட்டுமே கையாள்வது என் முறை. காற்றையும் நீரையும் ஒருசேர மாற்றினால் எதனால் எது நடந்தது என்று சொல்லவே முடியாது. காற்று குறைந்தால் நுரையும் குறையும் என்பதால், இரைச்சலைத் தணிப்பதைத் தவிர வேறு எதற்காகவும் காற்றைக் குறைக்க நான் காரணம் காணவில்லை. வெளியேற்றுக் குழாயை முதலில் முழுவதும் திறந்துவிட வேண்டும். உருளைக்குள் நீர் தாழ்ந்து நிற்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்து, கொந்தளிக்கும் பால்வெள்ளை நீர் முடிந்து அசையாத நுரை தொடங்கும் எல்லைக்கோடு, உருளை குறுகிக் கழுத்தாக மாறும் இடத்துக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். விளக்கைப் பின்புறமாகப் பிடித்துப் பார்த்தால் இந்த எல்லை தெளிவாகத் தெரியும்: கீழே குமிழிகள் தனித்தனியாகச் சுழன்றுகொண்டிருக்கும், மேலே அவை ஒன்றோடொன்று நெருக்கிப் பட்டை தீட்டியதுபோல் மூலைகளோடு நின்று, இருந்த இடத்திலிருந்து மிக மெதுவாக மேலே ஊரும். அந்தக் கோட்டைக் கண்ட பிறகு ஒரு நாள் முழுவதும் கை வைக்காமல் இருக்க வேண்டும். தீவனம் போடும் நேரம், விளக்கு அணையும் நேரம் என்று நாள் முழுவதும் நுரை மாறிக்கொண்டே இருப்பதால், மதியம் பார்த்ததை வைத்து மாலையில் திருகுவது வீண். மறுநாள் கிண்ணத்தில் வந்திருப்பதைப் பார்த்து, தேவைப்பட்டால் அரை சென்டிமீட்டர் உயர்த்தலாம் அல்லது தாழ்த்தலாம்.

எவ்வளவு ஈரமாக நுரை வர வேண்டும் என்பதில் இருதரப்பு உண்டு. உருளைக்குள் நீர்மட்டத்தைத் தாழ்வாக வைத்தால் நுரை கழுத்தில் நெடுநேரம் வடிந்து, கரும்பச்சை நிறத்தில், கெட்டியாக, கொஞ்சமாக வரும், நாற்றம் தாங்காது. உயரமாக வைத்தால் பாலில்லாத் தேநீரின் நிறத்தில் நிறைய வரும். கறுப்புச் சேறு வந்தால்தான் ஸ்கிம்மர் வேலை செய்கிறது என்பது பலருடைய நம்பிக்கை. அந்தப் படங்களைத்தான் எல்லோரும் பெருமையோடு காட்டுகிறார்கள். ஆனால் கெட்டியான நுரை கழுத்தின் சுவரிலேயே காய்ந்து ஒட்டிக்கொள்வதால் கிண்ணத்தை அடைவது குறைவு. நான் இரண்டுக்கும் நடுவே, சற்றே ஈரத்தின் பக்கம் சாய்த்து வைத்திருக்கிறேன். மிகவும் ஈரமாக ஓட்டுபவர்கள் ஒரு கணக்கை மறக்கக் கூடாது. கிண்ணத்துக்கு வருவதில் பெரும்பகுதி தொட்டியின் உப்புநீர்தான். நாளுக்கு ஒரு லிட்டர் என்றால் 35 கிராம் உப்பு போகிறது. வாரத்தில் அது ஏறக்குறைய கால் கிலோ. 250 லிட்டர் தொட்டியில் மொத்தம் இருப்பதே 8.75 கிலோ உப்பு. போன நீருக்குப் பதிலாகத் தானியங்கி நிரப்பி நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பதால், 35இல் இருந்த உவர்ப்பு ஒரே வாரத்தில் 34க்கு வந்துவிடும். உவர்ப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் அடிக்கடி பார்த்து ஈடுகட்டாவிட்டால் மாதக் கடைசியில் மீன் வேறொரு கடலில் இருக்கும்.

ஸ்கிம்மரிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்கு அளந்து பார்த்த ஆய்வே இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பல வகை ஸ்கிம்மர்களை ஓடவிட்டு நீரிலுள்ள மொத்தக் கரிமக் கார்பனை அளந்தபோது, அவை நீக்கியது ஏறக்குறைய 20 முதல் 30 விழுக்காடு மட்டுமே; எஞ்சியதை எவ்வளவு நேரம் ஓட்டினாலும் அவற்றால் எடுக்க முடியவில்லை. அடுத்த ஆண்டு அவர் நுரைக்கழிவையே பகுத்துப் பார்த்தபோது, அதன் திடப்பொருளில் கால்சியம் கார்பனேட்டும் டயாட்டம் என்னும் நுண்பாசிகளின் ஓட்டிலிருந்து வரும் சிலிக்காவும் கணிசமாக இருந்தன. இதைப் படித்துவிட்டு ஸ்கிம்மரைக் கழற்றிப் போட வேண்டியதில்லை. குமிழியில் ஒட்டாத கழிவை, அதை உறிஞ்சும் கரியான ஆக்டிவேட்டட் கார்பனும், பாக்டீரியாவும், நீர்மாற்றமும் பார்த்துக்கொள்கின்றன. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கரைந்த அயனிகளாகிவிட்ட பிறகு குமிழியில் ஒட்டுவதில்லை என்பதால், நைட்ரேட் ஏறிவிட்டது என்று ஸ்கிம்மரின் திருகை முறுக்குவதில் பொருளில்லை. அவையாக உடையும் முன் புரதத்தைப் பிடித்து வெளியேற்றுவதே அதன் வேலை. கூடவே அது செய்யும் இன்னொரு வேலையை நம்மூர் வெப்பத்தில் குறைத்து மதிப்பிடவே கூடாது: சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும் என்ற நிலையில், மணிக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் காற்றை நுண்குமிழிகளாக நீரோடு கலப்பதைப் போன்ற காற்றூட்டம் வேறு எதிலும் கிடைக்காது.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த நுரை திடீரென்று அமர்ந்துவிட்டால் எண்ணெயைத் தேட வேண்டும். எண்ணெய் குமிழியின் மெல்லிய படலத்தின்மேல் பரவி அதை உடைத்துவிடும். உறைந்த தீவனத்தின் சாறு, மீனெண்ணெயில் ஊறவைத்த தீவனம், தலைக்குத் தேங்காயெண்ணெய் தடவிய கையோடு தொட்டிக்குள் பாறையை நகர்த்தியது என்று எதுவும் போதும். சில மணி நேரத்தில் தானாகவே நுரை திரும்பிவிடும். இந்த இடைவெளியில் பொறுமையிழந்து நீர்மட்டத்தை உயர்த்துபவர்களுக்குத்தான், எண்ணெய் அகன்றதும் நள்ளிரவில் கிண்ணம் பொங்குகிறது.

காரணமில்லாமல் பொங்கினால் அன்று தொட்டிக்குள் என்ன போட்டோம் என்று யோசிக்க வேண்டும். குளோரின் நீக்கும் திரவங்களில் மீனின் தோலைக் காக்கவென்று பிசுபிசுப்பான பொருள் சேர்த்தவை, பாறைகளை ஒட்டும் எப்பாக்ஸி, மருந்துகள், அப்போதுதான் கரைத்த உப்புநீரைக் கொண்டு செய்த பெரிய நீர்மாற்றம் ஆகியவை வழக்கமான காரணங்கள். உருளைக்குள் நீர்மட்டத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, கார்பனை மாற்றி, ஓரிரு நாட்கள் காத்திருந்தால் சரியாகிவிடும். கிண்ணத்திலிருந்து குழாய் போட்டு வாளிக்குக் கழிவை இறக்குபவர்கள் வாளியிலும் ஒரு மிதவைச் சுவிட்ச் வைத்து, அது நிறைந்தால் ஸ்கிம்மரின் மின்சாரம் நிற்கும்படி செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஸ்கிம்மர் உப்புநீரை வெளியே தள்ளத் தள்ள, தானியங்கி நிரப்பி நல்ல தண்ணீரை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும்.

சுத்தம் செய்வதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கழுத்தின் உட்புறத்தில் படியும் வழவழப்பை மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை துடைத்தாக வேண்டும். அது தடித்துவிட்டால் நுரை ஏற மறுக்கும். சோப்பு கூடாது. காற்றுக் குழாய் பம்ப்போடு சேரும் மூக்கில் உப்புப் படிகம் உருவாகும்; காற்று குறைந்து, உருளையில் குமிழிகள் அடர்த்தியிழந்து, பம்ப்பின் ஓசை மாறினால் இதுதான் காரணம். கிண்ணத்தை எடுத்துவிட்டு, காற்றுக் குழாயின் வெளிமுனையை வெதுவெதுப்பான ஆர்.ஓ. தண்ணீரில் சில நொடிகள் முக்கினால் பம்ப் அதை உறிஞ்சிக்கொண்டு படிகத்தைக் கரைத்துவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை பம்ப்பைக் கழற்றிச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தால் ஊசிச் சக்கரத்தின் சுண்ணாம்பு உதிர்ந்துவிடும்.

மின்வெட்டு தனிக்கதை. மின்சாரம் நின்றதும் தொட்டியின் மேற்பரப்பு நீர் வழிந்து சம்ப்புக்கு வருகிறது; ஸ்கிம்மர் நிற்கும் இடத்தில் நீர் பல சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். மின்சாரம் திரும்பிய நொடியில் ஸ்கிம்மர் அந்த உயரமான நீரிலேயே ஓடத் தொடங்கிக் கழுத்து வழியாக நீரை அப்படியே கிண்ணத்துக்குத் தள்ளுகிறது. ரிட்டர்ன் பம்ப் மட்டத்தை இறக்குவதற்குள் கிண்ணம் நிரம்பி, அதுவரை சேர்ந்த கழிவெல்லாம் திரும்பவும் சம்ப்புக்குள் போய்விடும். அடுக்குமாடிகளில் ஜெனரேட்டருக்கு மாறும்போதும் திரும்பும்போதும் சில நிமிடங்களுக்குள் இருமுறை இது நடக்கும். ஸ்கிம்மரின் இணைப்பில் மட்டும் பத்து நிமிடம் தாமதித்து மின்சாரம் தரும் டைமர் ஒன்றைப் பொருத்திவிட்டால் இந்தத் தொல்லை முடிந்தது. ஏ.சி. ஸ்டெபிலைசர்களில் இருக்கும் தாமதம் இதற்குப் போதுமான நீளமுள்ளது அல்ல.

கடைசியாக, ஸ்கிம்மர் இழுப்பது அறையின் காற்றை. ஏ.சி. போட்டு மூடிய அறையில் ஆட்கள் தூங்கினால் கரியமில வாயு ஏறி, தொட்டியின் பி.எச். இறங்கும், காற்றுக் குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டால் பி.எச். மேலேறுவதைச் சோதித்தே பார்க்கலாம். அதைவிட முக்கியமானது கொசுவிரட்டி. சுருளிலும் திரவத்திலும் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் மனிதருக்கு அவ்வளவாகத் தீங்கில்லை என்றாலும் மீனுக்கும் இறாலுக்கும் கடும் நஞ்சு, அவற்றை அறையின் காற்றிலிருந்து எடுத்து நீரில் கலப்பதற்கு ஸ்கிம்மரைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. தொட்டி இருக்கும் அறையில் கொசுவலைதான். குழாய் வெளியே இருந்தால் தெருவில் கொசுமருந்துப் புகை வண்டியின் சத்தம் கேட்டவுடன் ஸ்கிம்மரை நிறுத்திவிட்டு ஜன்னல்களைச் சாத்த வேண்டும். புகை முழுவதும் கலையும்வரை, ரிட்டர்ன் பம்ப் நீரின் மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டிருப்பதே மீன்களின் மூச்சுக்குப் போதும்.